மூன்றாம் அறைத் துண்டு

மலையடிவாரத்தில் எண்ணெய்க் குளியலுக்குப் பெயர்போன சிறிய விடுதி ஒன்று இருந்தது. தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று அங்கே ஒரு வழக்கம்: தரையில் கிடக்கும் துண்டைத்தான் துவைப்பார்கள், ஆணியில் தொங்குவதைத் தொடமாட்டார்கள்.

மூன்றாம் அறைத் துண்டுக்கு ஓரமெல்லாம் நூல் பிரிந்துவிட்டது. இன்னும் இரண்டு சலவை கண்டால் தரை துடைக்கப் போட்டுவிடுவார்கள் என்று அதற்குத் தெரியும்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கைக்குழந்தையோடு வந்திருந்த செண்பகவல்லி தலையைத் துவட்டிவிட்டு அதை ஆணியில் மாட்டினாள். அது நழுவியது. சட்டென்று, பிரிந்த நூலை ஆணியில் சுற்றிக்கொண்டது.

“நாத்தம் குடலைப் புடுங்குதுப்பா. பேசாம கீழ விழுந்துரு” என்றது ஆணி.

“நான் விழுந்தா ரெண்டு வாளித் தண்ணி போச்சுண்ணே. மழையே இல்லாத ஊரு.”

“ஓகோ, மழைக்காகத்தான் தொங்குறியா?”

துண்டு நூலை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டது.

மறுநாள் காலை செண்பகவல்லி குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுத் துண்டை எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோனவள் முகம் சுளித்தாள். “பாவம், தண்ணியில்லாத ஊரு” என்று அதைத் திரும்ப மாட்டிவிட்டு, உடுத்தியிருந்த புதுச்சேலையின் முந்தானையால் குழந்தையைத் துவட்டினாள்.

துண்டு அன்று முழுவதும் யாரையும் துவட்டவில்லை; நனையவே இல்லை.