உண்டியலுக்கு ஒரு காஜா

ரயில் நிலைய வாசலில், சாய்ந்து விழும் மாலை வெயிலில், தையற்காரி இப்போதுதான் வந்து நிற்கிறாள். கையில் ஒரு பால்மாவு டப்பா. மூடிக்குப் பதிலாகக் காக்கித் துணியை இறுக்கித் தைத்து, காசு போடும் வாய்க்குச் சட்டைக்கு எடுப்பதுபோலவே நெருக்கமாகக் காஜா எடுத்திருக்கிறாள். அயல்மண்ணில் புதைந்து, இங்கே எல்லோரும் மறந்துபோன போர்வீரர்களுக்கு நினைவுக்கல் என்று துணியில் வெள்ளை நூல் எழுத்து. அவர்களில் ஒருவர் அவள் அப்பா. புகுந்த வீட்டில் ஒரு பிடி உப்புக்குக்கூடக் கை நீட்டாதவள் அவள். இத்தனை பேர் நடுவே நீட்டிய கை இன்று கூசவில்லை. ரயிலைவிட்டு இறங்கி வரும் நாத்தனார் அவளைக் கண்டதும் நின்றுவிடுகிறாள். கல்யாணமான நாளிலிருந்து "ஓடிப்போனவர் பொண்ணு" என்று குத்திக்காட்டிய வாய் அது.

"என்ன அண்ணி, நடுத்தெருவுல உண்டியலோட?"

"எங்கப்பா ஓடிப்போகல. சண்டையில செத்திருக்கார். கல்லறையைக் கண்டுபிடிச்சிட்டாங்க. அவர் பேரு இங்க கல்லுல வரணும்."

நாத்தனார் பையைத் துழாவி ஒரு நாணயத்தைப் போடுகிறாள். அது காஜாவில் பாதியிலேயே சிக்கிக்கொள்கிறது.

"நல்லா எடுத்தீங்க போங்க! இதுல சட்டைப் பொத்தான்தான் நுழையும்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. தையற்காரியின் இடுப்பில் தொங்கும் சின்னக் கத்தரியை எடுத்து, நாத்தனார் காஜாவை அகலமாக வெட்டிவிடுகிறாள். நாணயம் கணீரென்று அடியில் போய் விழுகிறது. டப்பாவைத் தானே வாங்கிக்கொண்டு அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்ப, தையற்காரியை இத்தனை காலம் குறுகவைத்த அதே குரல் ரயில் சத்தத்தையும் மீறி எழுகிறது.

"நில்லுங்கய்யா! எங்க அண்ணியோட அப்பா பட்டாளத்துல உயிரைக் கொடுத்தவரு. சும்மாவா போறீங்க?"