நான்காவது பனிநாகம்

எதிரில் இருந்தவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இல்லாவிட்டால் ஆட்டத்தைப் பார்க்காமல் எதற்காகத் தன் முகத்தையே பார்க்கிறான்? கனாகோ கையிலிருந்த கார்டுகளை நெஞ்சுக்கு இன்னும் கிட்டே பிடித்துக்கொண்டாள்.

ஒசாகாவில் மழைக்காலம். மூன்றாம் மாடியில் இருந்த அந்தக் கார்டுக் கடையில், அவரவர் காசு போட்டுச் சேர்த்த படக் கார்டுகளைக் கட்டாக்கி மோதும் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ஜெயிப்பவருக்கு டோக்கியோ போட்டியில் இடம். போக வர ரயில் டிக்கெட்டையும் கடையே எடுத்துத் தரும்.

எதிராளி குசுனோகி. கடையில் அவனுக்குப் 'பிரபு' என்று பெயர். மற்றவர்கள் ஒன்று வாங்கவே மூக்கால் அழும் பனிநாகம் கார்டு அவனிடம் நாலு இருந்தது.

கனாகோ பகலெல்லாம் ஒரு தொழிற்சாலையில் சாப்பாட்டு டப்பாக்களில் சோறு அடைப்பவள். அவளுடைய சீட்டுக்கட்டு முழுக்கக் கீறல் பெட்டியில் பொறுக்கியது. முனை மழுங்கியது, கோடு விழுந்தது என்று கடைக்காரர்கள் மலிவாக ஒதுக்கிப் போட்டதைக் கிளறி எடுத்து, கறுப்பு உறையில் போட்டுவிட்டால் பிரபுவின் கார்டும் அவள் கார்டும் ஒன்றுதான்.

மூன்று பனிநாகங்களை அப்படித்தான் தேற்றினாள். நான்காவது எங்கேயும் அகப்படவில்லை. கடைசியில் முகம் தெரியாத யாரோ ஒருவனிடம் கைபேசி வழியாகச் சல்லிசாக வாங்கினாள்.

இன்று காலையில்தான் குட்டு உடைந்தது. மழைக்கால ஈரத்தில் அசல் பளபளப்புக் கார்டெல்லாம் அப்பளம் போல வளைந்துகொள்ளும். அதனால் தினமும் அரிசிப் பைக்கு அடியில் வைத்து நிமிர்த்துவாள்; நேற்று மறந்துபோனாள். காலையில் பார்த்தால் மூன்று நாகங்கள் வளைந்து கிடந்தன, நான்காவது மட்டும் விறைப்பாகப் படுத்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, போலி.

என்னென்ன கார்டு என்ற பட்டியலை முந்தின நாளே கொடுத்தாயிற்று. ஒன்று குறைந்தாலும் ஆட விடமாட்டார்கள். பிடிபட்டால் இரண்டு வருஷத்துக்கு இந்தக் கடையின் படியேற முடியாது. அந்தப் பெரிய ஊரில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற இடம் இது ஒன்றுதான். தெரிந்தேதான் எடுத்து வந்தாள்.

"என்னம்மா கனாகோ, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" நடுவர் ஹதானாகா மேசைப் பக்கம் வந்தார். "பிரபு ஒண்ணும் கடிச்சிர மாட்டான்."

"ஒண்ணும் இல்ல ஹதானாகா-சான்... புழுக்கமா இருக்கு."

"சந்தேகம் ஏதாவது வந்தா கையத் தூக்குங்க. ரெண்டு பேர் கட்டையும் பிரிச்சு மேஞ்சிடறேன். ஒருத்தர மட்டும் சோதிக்கிற வழக்கம் நம்ம கடையில கெடையாது, தெரியும்ல?"

தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டு அவர் நகர்ந்தார். கனாகோ சிரிக்கவில்லை. குசுனோகியும் சிரிக்கவில்லை.

அவன் தன் இரண்டாவது பனிநாகத்தை இறக்கினான். அது மேசையோடு மேசையாகப் படிந்து கிடந்தது. காசு இருக்கிறவன், எந்த உயர்ந்த பெட்டியில் வைத்துக் காப்பாற்றுகிறானோ என்று கனாகோ பொருமினாள். கார்டை வைத்த கையோடு அவன் கண்கள் மறுபடி அவள் முகத்துக்கே வந்தன.

அவள் முறை. கட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். பனிநாகம். கொஞ்சம்கூட வளையவில்லை.

இதை வைத்தால் ஆட்டம் அவள் பக்கம் திரும்பும். வைக்காவிட்டால் அடுத்த முறையில் குசுனோகி கதையை முடித்துவிடுவான். ஆனால், வைத்த கார்டை எதிராளி கையில் வாங்கிப் படித்துப் பார்க்கலாம். கேட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

கீறல் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவியே கழிந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தாள். வைத்துவிட்டாள்.

"பாக்கலாமா?" என்றான் குசுனோகி.

"ம்... பாருங்க."

கார்டை எடுத்தான். கட்டைவிரலால் ஓரத்தை வருடினான். விளக்குக்கு நேராகச் சாய்த்தான். அவன் முகம் வெளுத்ததை அவள் கண்ணால் பார்த்தாள். பிறகு அவன் தலையைத் திருப்பி நடுவரைப் பார்த்தான்.

"என்ன குசுனோகி, சந்தேகமா?" ஹதானாகா அங்கிருந்தே கேட்டார்.

கனாகோ கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

"சேச்சே, இல்ல! படம் நல்லாருக்கேன்னு பாத்தேன், அவ்வளவுதான்." கார்டைப் பதமாகத் திருப்பி வைத்தான். "நான் தோத்துட்டேன்" என்று தலை குனிந்து வணங்கினான்.

கையில் இன்னும் ஆட நல்ல கார்டுகள் மிச்சம் இருந்தும், தோல்வியை ஒப்புக்கொண்டு எல்லாவற்றையும் அவசர அவசரமாகப் பெட்டிக்குள் அள்ளிப் போட்டான். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். கனாகோ முதல் வேலையாக அந்த நாகத்தை எடுத்துக் கட்டின் நடுவில் செருகினாள்.

கூட்டம் விலகியதும் மெதுவாகக் கேட்டாள். "குசுனோகி-சான், உங்களுக்குத்தான் தெரிஞ்சு போச்சே. ஏன் காட்டிக் குடுக்கல?"

நடுவர் தூரத்தில் இருக்கிறாரா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி அவள் காதருகே குனிந்தான்.

"உங்ககிட்ட ஒண்ணுதாங்க போலி... என்கிட்ட நாலுமே!"