மஞ்சள் தார்ப்பாய்

ஜன்னல் கம்பிகளின் நிழல் விழுந்த மேஜையில் அக்கா தங்கையின் புடவைக்கு இஸ்திரி போடுகிறாள். தண்ணீர் தெளித்த துணியிலிருந்து ஆவி எழுகிறது. நாளை சந்தையில் மாப்பிள்ளை வீட்டார் தங்கையைத் தற்செயலாகப் பார்ப்பதுபோல் பார்க்கப்போகிறார்கள். அவளை எந்தக் கடையில் நிறுத்துவது என்று அம்மாவுக்கு ஒரே குழப்பம். தினமும் காய் வாங்கப் போகிறவள் அக்காதான்.

“எலுமிச்சைக் கடையில நிக்கட்டும்மா. அங்க மஞ்சள் தார்ப்பாய். அந்த வெளிச்சத்துல வாடின பழம்கூடத் தகதகன்னு இருக்கும். எதிர்ல மீன் கடை மட்டும் வேண்டாம். நீலத் தார்ப்பாய், யார் நின்னாலும் பொணம் மாதிரி தெரியும்.”

கண்ணாடி முன் நிற்கும் தங்கை கலகலவென்று சிரிக்கிறாள். அம்மா அக்காவை ஏற இறங்கப் பார்க்கிறாள்.

“நீயும் வாடி.”

அக்காவின் முகம் மலர்ந்துவிடுகிறது. அலமாரியிலிருந்து தன் பச்சைப் புடவையை எடுத்து மேஜையில் விரிக்கிறாள்.

“அது எதுக்கு? கட்டியிருக்கறதே போதும். நீ அந்த நீலத்துக்குக் கீழ நில்லு. உன்னைப் பாத்துட்டு இவளைப் பாத்தாத்தான் இவ நிறம் எடுப்பாத் தெரியும்.”

அக்கா பச்சைப் புடவையைப் பழைய மடிப்பிலேயே மடிக்கிறாள்.

“சிரிச்ச முகமா நிக்கணுமாம்மா, சும்மா நிக்கணுமா?”

“சிரிச்சுத் தொலைக்காதே. உனக்குப் பல்லு மட்டும் அழகு.”