முதல் படகு

"வேலை தெரியலைன்னா எழுந்து வீட்டுக்குப் போம்மா! அங்கே ஒரு உயிர் இல்லை, ரெண்டு உயிர் மாட்டிக்கிட்டு இருக்கு!"

லாரி புக்கிங் ஆபீஸ் மேனேஜர் மேசையில் ஓங்கி அறைந்த வேகத்தில் டீ டம்ளர் கவிழ்ந்து பதிவேட்டில் கொட்டியது. எழுத்தர் அம்மா கைக்குட்டையால் ஒற்றி எடுத்துவிட்டு, அடுத்த போனை எடுத்தாள்.

பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடத்தில்தான் வெள்ள மீட்பு அலுவலகம் நடந்தது. பாதி ஊர் தண்ணீருக்குள் கிடக்க, இங்கே மூன்று ரப்பர் படகு, ரெண்டு போன், ஒரு பதிவேடு. இதை வைத்துக்கொண்டு எல்லாரையும் காப்பாற்றிவிடப் போகிறார்களாம்!

 நேற்று மதியம் மேனேஜர் தன் ஆபீசில் இருந்தபோதுதான் ஏரிக்கரை உடைந்தது. வீட்டு மாடியில் மனைவி தனியாக, நிறைமாசம்.

நேற்று சாயங்காலம் இந்த அலுவலகத்துக்குப் போன் போட்டுப் போட்டு விரல் தேய்ந்ததுதான் மிச்சம். 'கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை' என்று பதிவுக்குரல் தேனாக ஒழுகும், அப்புறம் லைன் கட்டாகிவிடும். இன்று காலை ஆறு மணிக்கு மனைவியே கூப்பிட்டு, "நானே பதிஞ்சுட்டேங்க, கவலைப்படாதீங்க" என்றாள். அதோடு அவள் போன் செத்துப்போனது.

"ஆறு மணிக்குப் பதிஞ்சிருக்கா. இப்ப மணி பதினொன்னு! இன்னும் என்னம்மா பண்றீங்க?"

"வரிசைப்படி அனுப்பிட்டிருக்கோம் சார். யாருக்கு வலி வந்திருக்கோ அவங்க முதல்ல."

"அவளுக்கு வலி வந்திருக்காதுன்னு உனக்கு யாரு சொன்னா? உயிரே போனாலும் வாயைத் திறந்து சொல்ல மாட்டா அவ!"

"நல்லா கேளுங்க சார்!" என்றது கூட்டம். நாற்பது பேராவது இருப்பார்கள், அத்தனை பேருக்கும் வயிறு எரிந்தது. ஒருவர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார். "டீ குடிக்கிறதை நல்லா எடுங்க, ஊரே பார்க்கட்டும்!" பின்னாலிருந்து பறந்து வந்த ஈரச் செருப்பு ஒன்று, அலமாரியில் இருந்த கண்ணாடிக் குடுவையை உடைத்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு படகு வந்து நின்றது. மேனேஜர் தெருவின் முனையில் கடை வைத்திருக்கும் டெய்லர், அவர் மனைவி, ரெண்டு தடிப்பயல்கள், கூடவே தையல் மெஷினின் தலை. டெய்லர் ஓடி வந்து மேனேஜரின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, உங்க புண்ணியத்துல தப்பிச்சோம்! நீங்க மட்டும் இல்லைன்னா இன்னும் மொட்டை மாடியிலதான் கிடந்திருப்போம்."

"அது கிடக்கட்டும். உங்க அண்ணி எங்கே?"

டெய்லர் தரையைப் பார்த்தார். "எங்க வீட்டோட படகு நிறைஞ்சிடுச்சுண்ணே. தெருவுக்குள்ளே வரலை."

கூட்டம் கொதித்தது. "தையல் மெஷினுக்கு இடம் இருக்கு, கர்ப்பிணிக்கு இல்லையா? எவ்வளவுய்யா வாங்கினே?"

படகுக்காரர் நனைந்த கோழியாக உள்ளே வந்தார். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். யாரையும் பார்க்காமல் நேரே மேசைக்குப் போனார்.

"மேடம், இனி அந்தத் தெருவுக்கு நான் போகமாட்டேன். வேற தெரு சொல்லுங்க."

மேனேஜர் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "போகமாட்டியா? என் பொண்டாட்டி அங்கே சாகணுமா? ஏன்டா போகமாட்டே?"

"அஞ்சு தடவை போயிட்டேன் சார்!" படகுக்காரரின் குரல் உடைந்தது. "பனிக்குடம் உடைஞ்சிருச்சு, பனிக்குடம் உடைஞ்சிருச்சுன்னு அஞ்சு வீடு. ஒரு வீட்டுலகூட வயித்துப்பிள்ளைக்காரி இல்லை. போனதுக்கு இருக்கிறவங்களை ஏத்திக்கிட்டு வந்தேன், விட்டுட்டா வர முடியும்?"

சட்டையைப் பிடித்த கை தளர்ந்தது. டெய்லர் மெல்ல மனைவிக்குப் பின்னால் ஒதுங்கினார்.

எழுத்தர் அம்மா பதிவேட்டை மேனேஜர் பக்கம் திருப்பி வைத்தாள். டீக் கறைக்கு நடுவே, அவர் தெரு. ஒன்றின் கீழ் ஒன்றாகப் பதினெட்டு வீடு, பதினெட்டுக்கும் எதிரே ஒரே வாசகம்: 'நிறைமாசம். பனிக்குடம் உடைஞ்சிருச்சு. வீட்டுல ஆம்பளை யாரும் இல்லை.'

மேனேஜருக்கு அந்த வாசகம் தெரியும். நேற்று சாயங்காலம் லைன் கிடைக்காத ஆத்திரத்தில், தெருக்காரர்களின் போன் குழுவில் அவரே தட்டி அனுப்பியது அது. 'எல்லாரும் இப்படியே சொல்லுங்க, சும்மா சொன்னா இவனுங்க வரமாட்டானுங்க. தெருவுக்குள்ளே படகு வந்துட்டா நம்ம எல்லாருக்கும் வழி பிறந்துடும்' என்று கீழே ஒரு வரியும் சேர்த்திருந்தார். பதினோரு பேர் கைதட்டல் படம் போட்டிருந்தார்கள்.

கூட்டத்தில் படம் பிடித்தவர் போனைத் தாழ்த்தினார். எழுத்தர் அம்மாவின் விரல் பதினெட்டு வரியையும் தாண்டிக் கீழே இறங்கி, பத்தொன்பதாவதில் நின்றது. அந்த ஒரு வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது.

'நிறைமாசம். வலி இன்னும் வரலை. அவசரமானவங்களை முதல்ல பாருங்க, நான் காத்திருக்கேன்.'

அவள் தலையை நிமிர்த்தி, முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இதானே சார், உங்க வீட்டம்மா?"