எர்த் வயர்

ஆம்ப்ளிஃபயருக்கான அலுமினியப் பெட்டியை, மூலைகளை வளைவாக வைத்து, வரைந்து கொடுத்தவர் கேரல். அவர் இறந்தபின் கணவர் டிரேவர் அதைத் தனியாகச் செய்து முடித்தார். காக்ஸ் டவுன் வீட்டில் முதன்முதலாக ஆன் செய்தபோது ஸ்பீக்கர் 'ஊம்' என்று இரைந்தது.

கேரலின் தம்பி ஆம்ப்ரோஸ் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தான். இரைச்சல் நின்றது. கையை எடுத்ததும் திரும்ப வந்தது.

"எர்த் குடுக்கல மாமா. ஒரு வயர் போட்டா, அப்புறம் கை வெச்சாலும் எடுத்தாலும் ஒண்ணுதான். இல்லன்னா நாள்பூரா இப்டியே தடவிக்குடுத்துனு குந்தினு இருக்கணும்."

அவன் காபி போடச் சமையலறைக்குப் போனான். டிரேவர் ஜன்னலோரம் நின்று வயரின் நுனியைச் சீவினார். அப்போது இரைச்சல் நின்றது. பெட்டியருகே யாரும் இல்லை.

"வயர் போட்டாச்சா மாமா?"

டிரேவர் வயரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மெதுவாப் பேசுடா," என்றார். "அவ இன்னும் கை எடுக்கல."