விளம்பர இடைவேளை

டி.வி.யில் போர் மாமா பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். அடுக்குமாடிக்காரர்கள் வைத்த பெயர் அது. உலகத்தில் எந்த மூலையில் சண்டை மூண்டாலும் விவாதத்துக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"அந்த வல்லரசுக்காரங்க ஹெல்மெட் குடுக்கறாங்க, மருந்து குடுக்கறாங்க. வர்ற குண்டைத் தடுக்கற ஏவுகணையை மட்டும் கிள்ளிக் கிள்ளிக் குடுக்கறாங்க. கேட்டா, சண்டை பெருசாயிடுமாம். அடி வாங்கறவனுக்குக் களிம்பைக் குடுத்துட்டு, அடிக்கற கையைப் பிடிக்காம இருந்தா அதுக்குப் பேர் உதவியா?"

வீட்டு ஹாலில் இருந்த அவர் மனைவிக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மாடி வீட்டுப் பெண் சோபா நுனியில் ஒண்டிக்கொண்டிருந்தாள். உதடு கிழிந்திருந்தது. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"வேற எங்க போறதுன்னு தெரியலை அக்கா. ஊர்லேர்ந்து அண்ணன் கிளம்பிட்டான். சாயங்காலம் வந்துடுவான். அதுவரைக்கும்..."

"பேசாம இரும்மா. பேசினா ரத்தம் வருது."

மேலே ஏதோ விழுந்து உடைந்தது. இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எங்க வீட்டுக்காரர் இன்னும் குடிச்சிட்டிருக்கார். பாட்டில் தீர்ந்ததும் என்னைத் தேடுவார். போன தடவை கத்தியை எடுத்துட்டார் அக்கா."

டி.வி.யில் விளம்பரம் வந்தது. உடனே அக்காவின் செல்போன் அடித்தது. கணவர்தான். சமையலறைக்குள் போய் எடுத்தாள்.

"மெசேஜ் பார்த்தேன். அவ இன்னும் அங்கேயா இருக்கா?"

"எங்கேங்க போவா? உதடு கிழிஞ்சு கிடக்கு."

"களிம்பு தடவி, சூடா ஏதாவது குடிக்கக் குடுத்து அனுப்பிடு. நான் வர்றப்ப அவ இருக்கக் கூடாது."

"இப்ப மேலே போனா கொன்னே போட்டுடுவான்."

"நாம தலையிட்டா விஷயம் பெருசாயிடும். அது புருஷன் பொண்டாட்டி சமாசாரம்." அவர் குரல் தணிந்தது. "அதோட, நம்ம பையன் வேலைக்கு அவன்தானே அவங்க ஆபீஸ்ல சொல்லி வைக்கறேன்னிருக்கான். மறந்துட்டியா? சரி, கூப்பிடறாங்க, வெச்சுடறேன்."

அவள் களிம்பை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். படித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் முகம் கொடுத்துப் பேசாமல் கிடக்கிற மகனை நினைத்தாள். மூடியைத் திறக்காமலே களிம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

டி.வி.யில் விவாதம் மறுபடி தொடங்கியிருந்தது.

"இப்படி அளந்து அளந்து உதவி பண்றதுல அந்த வல்லரசுக்கு என்ன சார் லாபம்?" என்றார் நெறியாளர்.

"அடிக்கறவன்கிட்ட அவங்களுக்கு ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கு. வேறென்ன?"

மாடி வீட்டுப் பெண் டி.வி.யைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சார் எவ்வளவு நல்லவர் அக்கா. அடி வாங்கறவங்க வலி தெரிஞ்சவர். அவர் வந்துட்டா எனக்குப் பயமில்லை."

மாடிப்படியில் தள்ளாடித் தள்ளாடிக் காலடிச் சத்தம் இறங்கி வந்தது.

அக்கா ஓடிப்போய்க் கதவைப் பூட்டினாள். அந்தப் பூட்டுக்குத் தன் கணவரிடமும் ஒரு சாவி இருப்பது நினைவுக்கு வர, எட்டி மேல் தாழ்ப்பாளையும் இழுத்துப் போட்டாள்.