விலக்கிப் பார்த்தல்

இரண்டு பெட்டிகளையும் வாசலில் வைத்துவிட்டு அவர் செருப்பை மாட்டினார். மனைவி சமையலறைக் கதவைப் பிடித்தபடி நின்றாள். ஓரடிகூட முன்னால் வரவில்லை.

“எல்லாத்தையும் எடுத்துட்டீங்களா?”

“கைக்குட்டைகூட விடல.”

“பத்து நாள் முடியறதுக்குள்ள இந்தப் பக்கம் வந்துடாதீங்க.”

எதிர்வீட்டு அம்மாள் உதறிய துணியைக் கொடியில் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷக் குடித்தனம் இப்படி ஆயிற்றே என்று அவள் முகமே சொன்னது.

சண்டை ஒன்றும் இல்லை. டாக்டர் சொல்லித்தான் அவர் கிளம்பினார்.

ஏழு மாதமாக மனைவிக்கு உடம்பு தடித்து வீங்குகிறது. எதனால் என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வாமைச் சோதனை என்று முன்கையில் முப்பது சொட்டு மருந்து வைத்துக் குத்திப் பார்த்தார்கள், ஒன்றுகூடச் சிவக்கவில்லை. உடம்புக்குள் இருக்கும் காவல்காரன் திருடன் திருடன் என்று கத்துகிறான், யாரைப் பார்த்துக் கத்துகிறான் என்று மட்டும் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிறான்.

அதனால் அவர்கள் அடையாளங்களைக் கற்றுக்கொண்டார்கள். விரலில் மோதிரம் சுழலவில்லை என்றால் மாத்திரை. உதடு தடித்தால் நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். குரல் கம்மினால் தொண்டை அடைக்கிறது என்று பொருள், உடனே தொடையில் ஊசி. ஊசி அவள் இடுப்புப் பையில் எப்போதும் இருந்தது. குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

காரணம் தெரியாதபோது செய்யக்கூடியது ஒன்றுதான். ஒவ்வொன்றாக விலக்கி, பொறுத்திருந்து பார்ப்பது. முட்டையை விலக்கினார்கள். பால், கோதுமை, சோப்பு, தலையணை எல்லாவற்றையும் விலக்கினார்கள். அவர் சோபா பழுதுபார்ப்பவர். ஊரார் வீட்டுத் தூசியும் பூனை முடியும் அவர் மேல்தான் ஒட்டும் என்று மூன்று வாரம் கடைக்கே போகாமல் இருந்தார். அப்போதும் நாலு நாளைக்கு ஒரு முறை வீக்கம் வந்தது.

கடைசியில் டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இன்னும் விலக்கிப் பார்க்காதது நீங்கள் ஒருவர்தான் என்றார்.

வீட்டை வெந்நீர் விட்டுத் துடைத்தார்கள், விரிப்புகளை மாற்றினார்கள். அவர் கடை மாடியில், யாரோ கொடுத்துவிட்டுப் போன மூன்று பேர் சோபாவில் படுத்துக்கொண்டார்.

கடையில் உறை வெட்டுபவரை எல்லோரும் ‘கத்திரி’ என்பார்கள். அவருக்கு வாய் சும்மா இருக்காது. “சண்டை போட்டுட்டு வர்றவனே ரெண்டு நாள்ல போய் நிப்பான். சண்டையே போடாம பத்து நாளா? நல்ல ஆளுப்பா நீ.”

தினமும் சாயங்காலம் மனைவி போன் செய்வாள். அவர் கேட்பது ஒரே கேள்வி.

“மோதிரம்?”

“சுழலுது.”

முதல் நாலு நாள் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். ஐந்தாம் நாள்தான் அவருக்கு உறைத்தது. மோதிரம் சுழலச் சுழல, காரணம் தான்தான் என்று ஆகிக்கொண்டிருக்கிறது. பத்து நாளும் சுழன்றால், அவள் பிழைத்திருக்க அவர் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஆறு, ஏழு என்று நாள் போகப் போக போன் மணி அடித்தாலும் அவர் உடனே எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்திரிகூடக் கிண்டலை நிறுத்திவிட்டார்.

எட்டாம் நாள் நாலு மணிக்கே போன் வந்தது. பேசியது எதிர்வீட்டு அம்மாள். உங்கள் மனைவி குரலே எழும்பாமல் வந்து என் கதவைத் தட்டினாள், ஊசி போட்டாயிற்று, ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருக்கிறோம் என்றாள்.

அவர் ஓடினார். உள்ளே போகக் கூடாது என்பதால் தெருவில் நின்றபடி, மூடிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி பயமில்லை என்று நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. கூடவே ஒரு நினைப்பும் வந்தது. நான் இல்லாமலே வந்திருக்கிறது. அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் டாக்டர் இருவரையும் கூப்பிட்டார். அவர் ஜன்னலோரம், மனைவி கதவோரம். டாக்டர் அவளுடைய நோட்டைப் புரட்டினார். சாப்பிட்டது, தொட்டது, துவைத்தது என்று ஒவ்வொரு நாளும் மணி போட்டு எழுதியிருந்தாள். எட்டாம் நாளில் மட்டும் ஒரு வரி, தாள் கிழியும் அளவுக்கு அடிக்கப்பட்டிருந்தது.

“இது என்னம்மா?”

“இட்லியை ரெண்டு தடவை எழுதிட்டேன் டாக்டர்.”

டாக்டர் நோட்டை மூடினார். புதிதாக எதுவும் சேரவில்லை, கணவரும் பக்கத்தில் இல்லை, ஆனாலும் வந்திருக்கிறது, ஆகவே அவர் காரணமில்லை என்றார். அடுத்து வீட்டுச் சுவரையும் தண்ணீரையும் பார்க்கலாம். “நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம்.”

அவருக்கு நாற்காலியிலிருந்து எழுந்தது தெரியவில்லை. எட்டு நாளாகத் தொடாத மனைவியிடம் போய்க் கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு நாற்காலியோடு கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். கண்ணில் நீர் திரண்டுவிட்டது.

“நேத்து மத்தியானம், நீங்க கழட்டிப் போட்டு நான் ஒளிச்சு வெச்சிருந்த சட்டையைப் போட்டுக்கிட்டுதான் படுத்தேன்.”